நான் துடைத்த காற்று

முந்தலில் என் வீட்டு அறையில் இருந்தபடி போன் விளையாட்டுகளை உருவாக்குகிறேன். களப்பில் தோணி ஓட்டுவதுதான் நான் செய்த முதல் விளையாட்டு. அதில் "காத்து மாறுது, கரைக்கு வா மகள்" என்று ஒரு குரல் கூப்பிடும். உச்சமுனை மீனவர் ஒருவர் தன் மகளைக் கூப்பிட்டதைக் கரையில் வைத்துப் பதிவு செய்திருந்தேன்.

புதுப் போன் வாங்கியதும் அந்தக் குரலில் இருந்த காற்றின் இரைச்சல் காதில் உறுத்தியது. வேறொருவரை அறைக்குள் பேசவைத்து மாற்றினேன். புதிய இயங்குதளத்துக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் திருத்தியபோது, பழைய போன்களில் விளையாட்டுத் திறக்காதபடி பூட்டியும் விட்டேன். இன்னும் யார் பழைய போன் வைத்திருக்கிறார்கள் என்ற திமிர்.

அடுத்த வாரமே அந்த மீனவரின் மனைவி திரை வெடித்த ஒரு பழைய போனைக் கொண்டுவந்தார்.

"தம்பி, இது தொறக்குதில்ல. அவர் மவுத்தாகி எட்டு மாசம். மகள் இதுலதான் வாப்பாட சத்தத்தக் கேக்குற."

அவர் இறந்தது எனக்குத் தெரியாது. அவசரமாக என் போனை நீட்டினேன். "இதுல கேளுங்க ராத்தா."

கேட்டுவிட்டு மெதுவாக மேசையில் வைத்தார்.

"இது அவரில்லையே, தம்பி."

குரலை மாற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கேயே பூட்டை எடுத்தேன். பழைய போனில் விளையாட்டுத் திறந்தது; அதில் பழைய பதிவு அப்படியே இருந்தது, அவர் கூப்பிட்டார்.

"அண்டைக்கு கரையில நல்ல காத்து," என்றார் ராத்தா, போனைக் காதோடு வைத்தபடி.

இப்போது புதிய போன்களிலும் அவர்தான் கூப்பிடுகிறார், அந்தக் காற்றோடு. ராத்தாவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.