மாவு மில்லுக்கும் பட்டினச்சேரிக்கும் ஸ்கூட்டரில்

என் கணவர் அலுவலகப் பயிற்சிக்காக ஒரு வாரம் பாண்டிச்சேரிக்குப் போனார். திங்கட்கிழமை விடியும்போதே பஸ் ஏறிவிட்டார். மில், கேஸ், மளிகை, மீன் என்று வெளிவேலை எல்லாம் எங்கள் வீட்டில் அவருடையது. ஸ்கூட்டரும் அவருடையதுதான். ஓட்டப் பழகுகிறேன் என்று நான் எல்எல்ஆர் எடுத்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம், காயவைத்த பச்சரிசியை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு மில்லுக்கு நடக்கக் கிளம்பினேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைவிட நன்றாகவே இளையவள். அவள் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார்.

“வண்டி சும்மாத்தானே நிக்கிது. ஏன்க்கா நடக்குறீங்க?”

“எனக்கு ஓட்டத் தெரியாதே.”

“நான் சொல்லித் தர்றேன். யூடியூப்ல எல்லா வீடியோவும் பாத்துருக்கேன்.”

“நீ ஓட்டியிருக்கியா?”

“இல்லக்கா. ஆனா எப்படி ஓட்டணும்னு தெரியும்.”

அந்த இடத்தில் நான் மில்லைப் பார்த்து நடந்திருக்க வேண்டும். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. அரிசியை உள்ளே வைத்துவிட்டுச் சாவியை எடுத்து வந்தேன். அவள் பின்னால் ஏறி, பிஸ்மில்லா சொல்லிவிட்டு, “திருகுங்க” என்றாள். திருகினேன். வண்டி துள்ளிக்கொண்டு பாய்ந்தது.

“பிரேக்க புடிங்கக்கா!”

“எதுடி பிரேக்கு?”

“ரெண்டும்தான்!”

எதிர்வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வண்டி அவர் வீட்டு முருங்கை மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்புதான் வந்தது. அன்றைக்கு அதோடு சரி.

மறுநாளும் நான் பள்ளிக்கூட அலுவலக வேலை முடிந்து வந்ததும் தெருவுக்குள்ளேயே சுற்றினோம். புதன்கிழமை எனக்குத் தைரியம் வந்துவிட்டது. டப்பாவைக் காலடியில் வைத்துக்கொண்டு மில்லுக்கே போனோம். மாவு சூடாக இருந்ததால் மூடியை இறுக்காமல் வைத்தேன். திரும்பும் வழியில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். மூடி தெறித்தது, மாவு புகை மாதிரி கிளம்பியது. அது அடங்கியதும் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய கறுப்பு புர்கா முழுக்க வெள்ளை. புருவத்திலும் மாவு.

“ஆடு தப்பிச்சிருச்சாக்கா?” என்றாள்.

வண்டியை ஓரங்கட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தப் பக்கம் போனவர்கள் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தோம். மிச்சமிருந்த மாவில் இரண்டு வீட்டுக்கும் இடியாப்பம் பிழிந்தேன்.

சனிக்கிழமை எனக்கு லீவு. “பட்டினச்சேரி கடக்கரைக்குப் போயி இறா வாங்குவமா?” என்றாள். அரசலாற்றுப் பாலத்தில் பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. எனக்கு ஒதுங்கத் தெரியவில்லை. பஸ்தான் ஒதுங்கிப் போனது. காற்று முகத்தில் மோத, காரணமே இல்லாமல் “ஓ!” என்று கத்தினேன். பின்னாலிருந்து அவளும் கத்தினாள். இந்த ரோட்டில் எத்தனையோ தடவை அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். இவ்வளவு அகலமானது என்று தெரியாது.

மீன் விற்ற அம்மா எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “வீட்டுக்காரவுங்க வரலையா?”

“அக்காதான் ஓட்டியாந்தாங்க” என்றாள் இவள், தானே ஓட்டிவந்த பெருமையோடு. அந்த அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு கை இறாலை அள்ளிப் பையில் போட்டார்.

திரும்பும்போது, ஊருக்குள் நுழைந்ததும் வண்டி இருமியது. நின்றுவிட்டது. பெட்ரோல் என்ற ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாண்டிச்சேரி மாநிலம் என்பதால் பெட்ரோல் விலை கம்மி என்று நாகப்பட்டினத்திலிருந்தெல்லாம் வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகிற ஊர் இது. அந்த ஊர்க்காரிகள் நாங்கள் இறால் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினோம்.

பெட்ரோல் பங்கில் வேலை செய்த பெண், “மூடியத் தொறங்கக்கா” என்றாள். மூடி எங்கே இருக்கிறது? நான் முன்னால் தேடினேன். இவள் விளக்குக்குப் பக்கத்தில் தடவினாள். பின்னால் ஒரு வரிசையே காத்திருந்தது. கடைசியில் அந்தப் பெண்ணே சாவியை வாங்கி சீட்டைத் தூக்கினாள்.

“இது வீடியோவுல வரலக்கா” என்றாள் இவள், ரொம்பக் கவலையாக. வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

சாயங்காலம் அவர் போன் செய்தார். “நாளைக்கு மத்தியானம் பஸ்ஸ்டாண்டுல எறங்கிருவேன். ஆட்டோ புடிச்சு வந்துடுறேன்.”

“வேணாங்க, நானே வந்து அழைச்சிக்கிறேன்.”

“எதுல வருவ?”

பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “வந்து பாருங்க” என்று போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸ்டாண்டில் அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். வீட்டுக்கு முன்னால் இறங்கிய பிறகுதான், “கண்ணாடிய கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பி வச்சிக்க. பின்னாடி வர்ற வண்டி நல்லா தெரியும்” என்றார்.