இடையில் ஒரு கரண்டி

மத்லூலா என்றால் செல்லமாக வளர்ந்தவள் என்று பொருள். அவளுக்கு யார் செல்லம் கொடுத்தார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. பஸ்ராவுக்குத் தெற்கே, ஷத்துல் அரபு ஆற்றிலிருந்து பிரியும் ஒரு கால்வாயின் கரையில் பிறந்தாள். அதே கால்வாயின் எதிர்க்கரையில் வாழ்க்கைப்பட்டாள். கடல் ஏறும்போது கால்வாயும் ஏறித் தோட்டத்துக்குள் தண்ணீர் தானாக வரும். கடல் இறங்கும்போது திரும்பிப் போகும். அதைத் தாண்டி அவள் அதிகம் பார்த்ததில்லை.

புருஷன் லஃப்தா பேரீச்சை ஏறுகிறவன். வசந்தத்தில் ஆண் மரத்தின் பூந்தாதைப் பெண் பாளைகளில் கட்டுவதற்காக ஏறியிருந்தபோது இடுப்புக் கயிறு அறுந்தது. அப்போது மத்லூலாவுக்கு ஐந்து வயதில் ஹாத்திம் என்ற மகன் இருந்தான். வயிற்றில் இன்னொன்று இருந்தது. தோட்டம் நிலக்கிழாருடையது. மரம் ஏறும் ஆண்பிள்ளை உள்ள வீட்டுக்குத்தான் அதில் குத்தகைப் பங்கு. இனி அது லஃப்தாவின் தம்பி சக்பானுடையது.

அண்ணனின் உடலைக் கிடத்தியிருந்த முற்றத்தில் நின்று சக்பான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அண்ணன் பையன் இந்த வீட்டுப் பையன். எம் பொஞ்சாதியும் முழுகாம இருக்கா. பொண்ணு பொறந்தா அது ஹாத்திமுக்கு. வேற எவனும் வாசப்படி ஏறக்கூடாது."

அந்தப் பக்கத்தில் சித்தப்பா மகள் மேல் அண்ணன் மகனுக்குத்தான் முதல் உரிமை. மற்றவர்கள் கேட்டு வந்தால் அவன் ஒப்புக்கொண்டு விலக வேண்டும். பெண்ணோடு வீடு வரும், குத்தகையும் வரும். மத்லூலா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றாள். அவளிடம் வேறு எதுவும் இல்லை.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அப்பன் பெயரையே வைத்தார்கள்: லஃப்தா. கொஞ்ச நாளில் சக்பானின் மனைவி வப்ரியாவுக்குப் பெண் பிறந்தது. ஃபித்தா என்று பெயர். சக்பான் கடைவீதியிலிருந்து மிட்டாய் வாங்கி வந்து முதல் மிட்டாயை ஹாத்திமின் வாயில் திணித்தான்.

"இந்தாடா மாப்பிள்ளே. உம் பொஞ்சாதிக்கு இன்னும் பல்லு மொளைக்கல. நீயே தின்னு."

ஹாத்திம் மிட்டாயைத் துப்பிவிட்டு, "அது எப்பப் பாத்தாலும் கத்துது. எனக்கு வேணாம்" என்றான். வீடே சிரித்தது. லஃப்தா போன பிறகு அந்த வீட்டில் எழுந்த முதல் சிரிப்பு அது.

பிறகு ஆகஸ்ட் வந்தது. பேரீச்சையைச் சமைக்கும் வெயில் என்று அதற்குப் பெயர். வளைகுடாப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசும். வியர்வை காயாது, மூச்சு உள்ளே இறங்காது. காய்கள் குலையிலேயே கறுத்துக் குழையும். கால்வாய் முகப்பில் பழக்கொட்டகை திறந்துவிடும். கரையோரப் பெண்கள் எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்து, பழத்தைத் தரம் பிரித்து மரப்பெட்டிகளில் அடுக்குவார்கள். குளவிகள் கைமேலேயே நடக்கும்.

"பழம் மரத்துல வேகுது, நாம பாயில வேகுறோம். நம்மளையும் பெட்டியில அடுக்கி லண்டனுக்கு அனுப்பிடுவானுங்க" என்பாள் பக்கத்தில் உட்காரும் ஹஸ்னா.

"உன்னை எவன் வாங்குவான்? கொட்டை பெருசு" என்று இன்னொருத்தி சொல்வாள்.

மத்லூலா மத்தியானம் கரையோரமாக ஓடி வருவாள். ஆனால் வந்தவுடன் குழந்தையை எடுக்கக் கூடாது. வெயிலில் நின்ற உடம்பில் பால் சூடேறிவிடும், அந்தப் பால் பிள்ளையின் குடலை வேகவைத்துவிடும் என்பது அங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம். முதல் பாலை மண்ணில் பீய்ச்ச வேண்டும். கால்வாய்த் தண்ணீரில் மார்பைக் கழுவ வேண்டும். வியர்வை அடங்கும்வரை நிழலில் உட்கார வேண்டும். அந்தக் காற்றில் வியர்வை எங்கே அடங்கும்? அதற்குள் கொட்டகையில் மேஸ்திரி தகரத்தைத் தட்டிவிடுவான். அவள் திரும்பி ஓடுவாள். பிள்ளைக்குத் தாகம் எடுக்குமே என்று பேரீச்சம்பாகைத் தண்ணீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாக வப்ரியா ஊற்றுவாள். அந்த இனிப்புக்குக் குழந்தை சிரித்தது. சாயங்காலம் மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வயிறு ரொம்பியிருக்கு அக்கா. நல்ல புள்ள, சத்தமே இல்ல. துணிகூட நனைக்கல பாரு" என்றாள் வப்ரியா. அவள் மனசறிந்து செய்தது எதுவுமில்லை.

பிறகு பேதி கண்டது. உச்சந்தலைப் பள்ளம் உள்ளே இறங்கியது. அழுதான், கண்ணில் நீர் வரவில்லை. படகில் போட்டு மருந்தகத்துக்குக் கொண்டுபோனபோது கம்பவுண்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"என்ன குடுத்தீங்க?"

"பாகுத்தண்ணி."

"பால்?"

"வெயில்லேர்ந்து வர்றேன் ஐயா. பால் சூடு…"

"பால்ல சூடு ஏறாதும்மா. இந்த வயசுல அவனுக்கு வேண்டிய தண்ணி பூரா அதுலதான் இருக்கு." பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கும் தெரிந்துவிட்டது, இந்தப் பேச்சு இந்தக் குழந்தைக்கு இனி உதவாது என்று.

சிறிய லஃப்தா திரும்பி வரும் வழியிலேயே படகில் இறந்தான். தகப்பன் குழிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

பால் மட்டும் நிற்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது, வேறு யாருடைய குழந்தையாவது அழுதால் மத்லூலாவின் மேலாடை நனைந்துவிடும். அவள் எழுந்து போய்ச் சுவரோரம் பீய்ச்சிவிட்டு வந்து பழம் அடுக்குவாள். ஹஸ்னாவும் அந்த நேரத்தில் வேடிக்கை பேச மாட்டாள்.

அந்த மாதம் முடிவதற்குள் வப்ரியாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல்காரியின் பால் கொதிக்கும் என்று அவளிடமிருந்து ஃபித்தாவைப் பிரித்தார்கள். மறுபடியும் பாகுத்தண்ணீர். சாயங்காலம் கொட்டகையிலிருந்து வந்த மத்லூலா தொட்டிலில் கைவிட்டுத் துணியைத் தொட்டாள். காய்ந்து மொடமொடவென்று இருந்தது. உச்சந்தலையில் விரல் வைத்தாள். பள்ளம்.

"சக்பான், படகை எடு" என்றாள்.

கம்பவுண்டர் இம்முறை திட்டவில்லை. "இன்னும் நேரம் இருக்கு" என்றார். "தாய்ப்பால் மட்டும் குடுங்க. வேற எதுவும் வேணாம். பாகு வேணாம், சர்க்கரை வேணாம், வெறும் தண்ணிகூட வேணாம். பால் குடுக்குற பொம்பளை யாராவது வீட்டுல இருக்காங்களா?"

சக்பான் அண்ணியைப் பார்க்கவில்லை. மத்லூலா குழந்தையைத் தன் துணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

உறிஞ்சும் பலம் ஃபித்தாவுக்கு இல்லை. மத்லூலா உதட்டின் மேல் சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சினாள். விடியும் நேரத்தில் வீட்டுப் படித்துறையில் இறங்கும்போது குழந்தையின் வாய் மெல்ல அசைந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சக்பான் வாயைத் திறந்தான். அதற்கு முன் அந்தக் கரையின் மார்க்கப் பெரியவரான சையிதிடம் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

"அண்ணி, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பகல், ஒரு ராத்திரி, நடுவுல வேற ஆகாரம் இல்லாம உங்க பாலையே குடிச்சா இவ உங்க பொண்ணாயிடுவா. ஹாத்திமுக்குக் கூடப்பொறந்தவ. அப்புறம் கல்யாணம் பேச முடியாது."

"தெரியும்."

"அதான் கேட்டுட்டு வந்தேன். பொழுது சாயறதுக்கு முன்னால பாகுத்தண்ணி கொஞ்சம் வயித்துக்குள்ள போனாப் போதும், கணக்கு முறிஞ்சிடும்னு சொன்னார். ஒரு கரண்டி. நாளைக்கும் ஒரு கரண்டி. வப்ரியா காய்ச்சல் விடற வரைக்கும்தானே?"

பாயில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே வப்ரியா சொன்னாள்: "ஒரு கரண்டியில எந்தப் புள்ளையும் செத்ததில்ல அக்கா. ஹாத்திமை நெனைச்சுப் பாரு. எம் மகளை வேற எவனுக்காவது குடுக்கவா நான் பெத்தேன்?"

அவள் சொன்னதில் சூது இல்லை. சக்பானும் அண்ணன் பிணத்தின் முன்னால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தான். கிண்ணத்தில் பாகுத்தண்ணீரும் கரண்டியும் கொண்டுவந்து மத்லூலாவின் பக்கத்தில் வைத்தான்.

பகல் முழுவதும் அவள் குழந்தையை மார்பிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்சம் குடிக்கும், கண் சொருகும். பாதத்தைச் சுண்டி எழுப்புவாள். மறுபடி கொஞ்சம் குடிக்கும். வியர்வை அவள் கழுத்திலிருந்து குழந்தையின் நெற்றியில் வடிந்தது. கழுவவில்லை, பீய்ச்சவில்லை, ஆறவும் உட்காரவில்லை. ஹாத்திம் வாசலில் ஈச்சமட்டையைக் குதிரையாக ஓட்டிக்கொண்டிருந்தான். வயதுக்குக் கொஞ்சம் குட்டையான பையன். அவன் இந்தத் தோட்டத்தில் நிற்பதற்கு இந்தக் குழந்தையைத் தவிர வேறு பிடி இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பொழுது சாயும் நேரம். துணி இன்னும் நனையவில்லை. அவள் கரண்டியில் பாகுத்தண்ணீரை எடுத்தாள்.

குழந்தையின் உதட்டில் கரண்டி பட்டவுடன் நாக்கு நீண்டு வந்தது. இனிப்பைத் தேடியது. மற்றொரு நாக்கும் இப்படித்தான் நீண்டு வந்தது. இந்த ஒரு கரண்டி இவளைக் கொன்றுவிடுமா? அவளுக்குத் தெரியாது. கம்பவுண்டருக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் தன் பிள்ளைக்கு ஊற்றியதையும் யாரும் ஒரேயடியாகக் குடம் குடமாக ஊற்றிவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டிதான்.

கரண்டியைக் கிண்ணத்திலேயே கவிழ்த்தாள். ஈரமான உதட்டைத் தன் விரலால் துடைத்துவிட்டு மார்பை வாயில் வைத்தாள்.

விடியற்காலையில் மடியில் சூடாக ஏதோ பரவியது. துணி நனைந்திருந்தது. குழந்தை அதற்காகக் கோபமாக அழுதது. கண்ணோரம் நீர் திரண்டு நின்றது. மத்லூலா அந்த ஈரத்துணியை மாற்றாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

சக்பான் வந்து பார்த்தான். மகளைப் பார்த்தான், பிறகு கிண்ணத்தைப் பார்த்தான். கிண்ணம் குறையாமல் இருந்தது. மேலே ஈ மிதந்தது.

"ஊத்தினீங்களா அண்ணி?"

"இல்ல."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "யாரும் பாக்கல. ஊத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நம்பிடறேன்."

"நீ நம்பிடுவே. நாளைக்கு அதுங்க ரெண்டையும் ஒரே பாயில படுக்க வெச்சுட்டு நான் ஆண்டவன் முன்னால எந்த மூஞ்சியோட நிப்பேன்? ஊத்தல சக்பான். போய் சையிதுகிட்ட சொல்லிடு."

சக்பான் குனிந்து அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். வெளியே போகும்போது, மட்டைக் குதிரையில் வந்த ஹாத்திமின் தலையை எப்போதும்போல் தட்டவில்லை, தடவிக் கொடுத்தான்.

வப்ரியாவுக்குக் காய்ச்சல் விட்டது. குழந்தையை வைக்க வைக்க மார்பில் பாலும் திரும்பி ஊறியது. ஃபித்தா இரண்டு தாய்க்கு நடுவில் வளர்ந்தாள். இருவரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். மத்லூலா அடுத்த பருவமும் கொட்டகைக்குப் போனாள், அதற்கடுத்த பருவமும் போனாள். வெயிலிலிருந்து வந்து மண்ணில் பாலைப் பீய்ச்சும் பெண்ணைக் கண்டால், "அதைப் புள்ள வாயில விடு" என்பாள். சிலர் கேட்டார்கள். சிலர், "ஊரு வழக்கம் தெரியாதவளா நீ?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சக்பான் ஹாத்திமுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. மரம் ஏறக் கற்றுக்கொடுத்தான். ஆனால் ஃபித்தாவுக்குப் பதினேழு வயதானபோது ஆற்றின் அக்கரையிலிருந்து ஷனாவா என்ற பையன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். நல்ல பையன். குத்தகை அவன் பக்கம் போயிற்று. அதற்குமுன் ஊர் முறைப்படி ஹாத்திமிடம் வந்து விலகிக்கொள்ளும்படி கேட்கக்கூட யாருக்கும் தேவை இருக்கவில்லை. கூடப்பிறந்தவளின் மேல் என்ன உரிமை இருக்கிறது, விட்டுக்கொடுக்க?

ஹாத்திம் இரண்டு பருவம் அதே தோட்டத்தில் ஷனாவாவிடம் கூலிக்கு மரம் ஏறினான். மூன்றாவது பருவத்துக்கு முன்னால், குவைத்துக்குப் போகிறேன் என்றான். அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது மத்லூலா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கரண்டிம்மா" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல். "ஒரே ஒரு கரண்டி."

"ஆமாண்டா" என்றாள்.

அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருக்கலாம். அவனுடைய தம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் இழந்தது உண்மையாகவே இழந்ததுதான்; அதை இன்னொன்றால் அடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை கடல் ஏறும் நேரத்தில் படித்துறையில் படகு நின்றது. கரையோரத்து ஆண்கள் வந்திருந்தார்கள். பெண்கள் கறுப்புத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். சக்பான் மருமகனோடு நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹாத்திம் தாயின் தலையில் முத்தமிட்டான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வந்தது, "வெயில்ல நிக்காதே" என்பது மட்டும்தான்.

அவன் படகில் கால் வைக்கும்போது ஃபித்தா பெண்கள் கூட்டத்திலிருந்து ஓடி வந்தாள். போர்வை தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. அத்தனை ஆண்களின் முன்னால் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். ஹாத்திம் முதலில் மரம்போல் நின்றான். பிறகு அவன் கை மெல்ல உயர்ந்து அவள் தலைமேல் தங்கியது.

"அம்மாவைப் பாத்துக்கோ" என்றான்.

"எந்த அம்மாவை அண்ணா?"

"ரெண்டு பேரையும்தான்டி."

யாரும் முகம் சுளிக்கவில்லை, தொண்டையைக் கனைக்கவில்லை. ஷனாவாகூட நழுவிய போர்வையை எடுத்து மனைவியின் தோளில் போட்டுவிட்டு விலகி நின்றான். அண்ணனைத் தங்கை வழியனுப்புகிறாள். அதில் பார்க்க என்ன இருக்கிறது? மத்லூலா மட்டும் அவர்கள் இருவரையும், அவர்கள் பிரிந்து படகு கால்வாயைத் தாண்டும்வரை, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.