தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு

கரண்ட் இல்லாத ஊரில் வீடியோ கேம் விளையாடி, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டியவள் நான். நெல்லியடிச் சுற்றுவட்டாரத்தில் எனக்கு முன்பு யாராவது இதைச் செய்திருந்தால் தாராளமாக வந்து சொல்லலாம். இதுவரை யாரும் வரவில்லை. பின்னாளில் படித்தேன், வேலை பார்த்தேன், ஒன்றிரண்டு மேடைகளில் மாலைகூடப் போட்டார்கள். ஆனாலும் பெருமைப்பட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமென்று மனம் தேடும்போது நேரே அந்தப் பின்னேரத்துக்குத்தான் போய் நிற்கிறது.

கேமை ஜெர்மனியில் இருந்த பெரியப்பா அனுப்பியிருந்தார். சவர்க்காரப் பெட்டி அளவான சாமான். திரையின் ஒரு கரையில் கப்பல், மறு கரையில் இறங்குதுறை, நடுவில் தண்ணீருக்கு மேலே பலகைகள். ஒரு மனிதன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பலகை பலகையாகக் கடந்து வரவேண்டும். பலகைகள் ஒழுங்கில்லாமல் கீழே இறங்கும், மேலே வரும். கால் வைத்த நேரம் பலகை இறங்கினால் மனிதன் தண்ணீருக்குள். திரையின் மேல் மூலையில் மூன்று குட்டி மனிதர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்கள்தான் நமக்குத் தரப்பட்ட மூன்று உயிர்கள். ஒருவன் விழுந்தால் மூலையில் ஒருவன் குறைவான். மூவரும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

வந்த சில மாதங்களில் பற்றறி தீர்ந்துவிட்டது. அது தொண்ணூற்றொன்று, யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலம். ரோச் லைற்றுக்குப் போடும் பற்றறியே எங்கள் பக்கம் வரத் தடை. பொத்தான் அளவு பற்றறிக்கு எங்கே போவது? அம்மாவின் தம்பி, என் மாமா, ரேடியோ திருத்துவார். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து, டைனமோவில் வருகிற கரண்டில் செய்தி கேட்கும் வழியை எங்கள் முற்றத்தில் செய்து வைத்திருந்தார். நான் நாலு நாள் அழுததன் பயனாக, அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்களை இழுத்து என் கேமுக்குள்ளும் விட்டார். முதலில் பெரியவர்களுக்குச் செய்தி. செய்தி முடிந்து வெளிச்சம் இருக்கும்வரை எனக்குக் கேம். ஒரேயொரு ஆபத்து, சைக்கிள் சில்லு நின்றால் திரை வெறுமையாகிவிடும். அதுவரை எடுத்த புள்ளிகளும் போய்விடும்.

சைக்கிள் எங்களுடையது அல்ல. பக்கத்து வீட்டு மாமியின் மகனுடையது. எங்கள் அண்ணையோடு ஒரே வகுப்பில் படித்தவர். முந்தின வருடம் ஒரு நாள் ரியூசனுக்கு என்று வெளிக்கிட்டவர், சைக்கிளைக் கூட்டாளி ஒருவனிடம் கொடுத்தனுப்பிவிட்டு இயக்கத்துக்குப் போய்விட்டார். மாமிக்கு அவர் ஒரே பிள்ளை. சும்மா நின்றால் துருப்பிடித்துவிடும், செய்தியும் கேட்டதாயிருக்கும் என்று சொல்லி மாமிதான் சைக்கிளை வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் உருட்டிக்கொண்டு வந்து தந்தார்.

மிதிப்பது அண்ணையின் வேலை. என்மேல் பாசத்தால் ஒப்புக்கொண்டார் என்று நினைத்துவிடக் கூடாது. சைக்கிள் றோட்டைப் பார்த்தபடி நின்றது. பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் ரியூசன் விட்டுப் போகிற நேரமும் என் கேம் நேரமும் ஒன்றாக இருந்தன. அண்ணை அந்த நாட்களில் மிதித்த மிதியில் உண்மையாகவே போயிருந்தால் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்சிப் ரியூசனில், படிப்பிக்கிற சேர் வருவதற்கு முன்பு ஓலைக் கொட்டிலில் நடக்கும் பேச்செல்லாம் கேம் பற்றியதுதான். எங்களில் நாலைந்து பேரிடம் வெளிநாட்டுக் கேம் இருந்தது. ஓடுவது என்னுடையது மட்டும். ஆனால் பற்றறி செத்தவர்களுக்குத்தான் அபிப்பிராயம் அதிகம். வங்கி மனேச்சரின் மகன் ஒருவன் இருந்தான். அவனுடையது இரண்டு திரை உள்ள கேம். ஒரு வருடமாக அலுமாரியில் கிடந்தது. அவன் கதைக்கும்போது மட்டும் அது ஓடிக்கொண்டேயிருக்கும்.

"நான் இப்ப விளையாடுற கேமிலை குரங்கு மேல் திரைக்கு ஏறும். உன்ரை ஆக்கள் மூட்டை மட்டும்தானே தூக்கினம்?" என்பான்.

அந்த 'இப்ப' பொய் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைக் கேட்டு அவனை மடக்கியதில்லை. கேம் இருந்தவர்களுக்குள் அவ்வளவு மரியாதை இருந்தது. நானும் அவனுடைய குரங்கைப் பற்றி விட்டுக்கொடுக்காமல் விவாதித்தேன். குரங்குக்கு வேலை இல்லை, ஏறி இறங்குவது ஒரு காரியமா, எங்கள் ஆட்கள் உழைப்பாளிகள் என்பது என் கட்சி.

ஒரு பின்னேரம் ஆட்டம் உச்சத்தில் இருந்தது. அறுநூறு தாண்டிய நேரம் என் விரல் பிசகியது.

"ஐயோ, ஒருத்தன் செத்திட்டான்! மற்றவனும் செத்திட்டான்!" என்று கத்தினேன்.

வேலிப் பொட்டுக்குள்ளால் மாமி ஓடி வந்தார். இரண்டு கையிலும் புட்டு மா. சேலைத் தலைப்பு வேலிக் கிடுகில் மாட்டிக் கிழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"ஆர் பிள்ளை? எந்த இடமாம்? பேர் சொன்னவங்களோ?"

சில்லுச் சுற்றும் சத்தம் கேட்டால் செய்தி போகிறது என்றுதான் அக்கம்பக்கத்தில் எல்லோரும் நினைப்பார்கள். செய்தி முடிந்து கேம் ஓடுவது மாமிக்கு எப்படித் தெரியும்? நான் கேமைத் தூக்கிக் காட்டி, விழுந்தது மூட்டைக்காரன் என்று விளக்கினேன். மாமி சிறிது நேரம் திரையையே பார்த்தார். பிறகு அப்படியே சைக்கிளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். அம்மா வந்து என் முதுகில் ஒன்று வைத்தார். அண்ணைக்கும் ஒன்று விழுந்தது. அவர் செய்த குற்றம் மிதித்தது.

"இனி உந்த வாயிலை அந்தச் சொல் வரக்கூடாது. விழுந்தால் வீட்டை போட்டான் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

வீட்டுக்குப் போய்விட்டான் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அன்றைக்குப் பிறகு என் கேமில் ஒருவனும் சாகவில்லை. தண்ணீருக்குள் விழுந்தவன் எழுந்து, உடுப்பைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குப் போனான். முதல் இரண்டு நாட்கள் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு அதையே என் கேமின் விசேசமாக்கிக்கொண்டேன். கொட்டிலில் மனேச்சரின் மகன் சிரித்தான்.

"செத்தால்தான் கேம். வீட்டை போனால் அதென்ன கேம்?"

"உன்ரை குரங்கு செத்தால் செத்ததுதான். எங்கடை ஆக்கள் சாப்பிட்டிட்டு நாளைக்கு வேலைக்கு வருவினம்" என்றேன்.

கொட்டிலே என் பக்கம் சாய்ந்தது. ஒரு மாதத்துக்குள் கிளித்தட்டில் அவுட்டானவனும் வீட்டுக்குப் போனான், போளை அடியில் தோற்றவனும் வீட்டுக்குப் போனான். அம்மா தந்த சொல்லை ஊர்ப் பிள்ளைகள் வாயில் ஏற்றியவள் என்ற பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

அதிலிருந்து மாமியும் கேமில் அக்கறை எடுத்துக்கொண்டார். விளக்குக் கொளுத்துவதற்கு முன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு எப்பிடிப் பிள்ளை, எல்லாரும் வீட்டை போட்டினமோ?" என்று கேட்பார். மூவரும் விழுந்து நான் மூஞ்சையை நீட்டிக்கொண்டு ஓம் என்றால், ஒரு துண்டு பனங்கட்டி கிடைக்கும். நன்றாக விளையாடி, "இருட்டினதாலை நிப்பாட்டினது மாமி, ஒருத்தரும் வீட்டை போகேல்லை" என்று நான் துள்ளிக்கொண்டு சொல்லும் நாட்களில் மாமி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். எனக்கு மனவருத்தமாக இருக்கும். மாமிக்கு மூளை கொஞ்சம் மட்டு, ஆட்டத்தில் எது வெற்றி எது தோல்வி என்று பிடிபடவில்லை என்று அண்ணையிடம் முறைப்பட்டேன். அண்ணை வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து மிதித்தார்.

திரையில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. அப்படியென்றால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு என்ன நடக்கும்? கொட்டிலில் இதுதான் பெரிய வழக்கு. கப்பல் மூவரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும் என்றது ஒரு கட்சி. கேம் சூடாகி வெடிக்கும் என்றது இன்னொரு கட்சி. மனேச்சரின் மகன் பாட்டுப் படிக்கும் என்றான். நான் நாலாவது மனிதன் ஒருவன் வருவான் என்றேன். யார் சரி என்பதை என்னால் மட்டும்தான் காட்ட முடியும். அந்த நினைப்பில் பல நாள் சோறு இறங்கவில்லை. இரண்டு முறை எண்ணூறைத் தொட்டேன். ஒருமுறை இருட்டிவிட்டது, மறுமுறை றோட்டில் யாரையோ கண்டு அண்ணை மிதிக்க மறந்துபோனார்.

ஒரு சனிக்கிழமை, வெயில் சாய முன்பே தொடங்கினோம். சாட்சிக்கு மனேச்சரின் மகனைக் கூப்பிட்டிருந்தேன். அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அன்றைக்கு என் விரல்களில் ஏதோ வந்து குடியேறியிருந்தது. பலகைகள் இறங்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. எண்ணூறு போனது, தொள்ளாயிரம் போனது. மூலையில் மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். அப்போதுதான் அண்ணை, "ஐயோ, கால் பிடிச்சிட்டுது!" என்று கத்திக்கொண்டு ஆசனத்திலிருந்து சரிந்தார்.

"சில்லை விடாதேங்கோ!" என்று நான் அலறினேன்.

சில்லு நிற்கவில்லை. வேலியோடு நின்றிருந்த மாமி எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது. சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, பெடலைக் கையால் பிடித்துச் சுற்றத் தொடங்கியிருந்தார். மகனின் சைக்கிள் அவருக்குப் பழக்கம். ஒவ்வொரு வெள்ளியும் எண்ணெய் விட்டுத் துடைப்பவர் அவர்தான். திரை ஒருதரம் மங்கி மீண்டும் தெளிந்தது. நான் நிமிர்ந்து பார்க்காமல் விளையாடினேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வந்தது. அடுத்த மூட்டையை இறக்கினேன்.

மூன்று பூச்சியங்கள் விழுந்தன. கப்பல் போகவில்லை, வெடிக்கவில்லை, பாட்டும் இல்லை. மனிதன் திரும்பிப் போய் அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

"சீ, திரும்ப முதல்லை இருந்தோ?" என்றான் மனேச்சரின் மகன்.

அவனுக்கு அது ஏமாற்றம். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. முடிவே இல்லாத கேம்! உலகத்தில் யாரிடம் இருக்கிறது இப்படி ஒரு கேம்? பொத்தான்களை விடாமல் அமத்தியபடி மாமிக்குச் சொன்னேன்.

"மாமி, இது முடியாதாம்! இனி எவ்வளவு காலமும் சுமப்பினம்!"

"அப்ப ஒருத்தரும் வீட்டை போகேல்லையோ பிள்ளை?"

"இல்லை மாமி! ஒருத்தரையும் நான் போக விடேல்லை!"

மாமி பெடலை விட்டார். சில்லு தன்பாட்டில் கொஞ்சம் சுற்றியது. மூட்டைக்காரன் நடுப் பலகையில் நின்றபடியே மங்கினான். மூலையில் நின்ற மூவரும் மங்கினார்கள். திரை வெறும் சாம்பல் நிறமாயிற்று.

"காணும் பிள்ளை, போதும். பாவங்கள். போகட்டும், எல்லாரும் வீட்டை போகட்டும்."

நான் நிலத்தில் விழுந்து புரண்டு அழுதேன். நல்ல வேளையாக மனேச்சரின் மகன் நேர்மையானவன். தன் கண்ணால் கண்டதாகத் திங்கட்கிழமை கொட்டில் நடுவில் நின்று சத்தியம் செய்தான். அந்த வருடம் முழுக்க எனக்குக் கொட்டிலின் முன் வாங்கில் இருக்க இடம் கிடைத்தது. ஏன் மேலே விளையாடவில்லை என்று கேட்டவர்களுக்கு, மாமிக்குக் கை உளைந்துபோயிற்று என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன். அந்தச் சைக்கிளை எடுத்துப் போக அவர் மகன் கடைசிவரை வரவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. நான் அழுதுகொண்டிருக்க, மாமி பொட்டுக்குள்ளால் போய் ஒரு கோப்பை நிறையப் பனங்காய்ப் பணியாரத்தோடு திரும்பி வந்தார். இவ்வளவு நாளும் தோற்றால் ஒரு துண்டு பனங்கட்டி தந்தவர், இன்றைக்கு ஒரு கோப்பை பணியாரம் தருகிறார் என்றால், ஆட்டத்தில் எது வெற்றி என்று மாமிக்கு ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது என்று கண்டுகொண்டேன். அழுகை நின்றுவிட்டது. அண்ணையும் மனேச்சரின் மகனும் நானும், மூன்று பேரும், சைக்கிளுக்குப் பக்கத்தில் வட்டமாக இருந்து சாப்பிட்டோம். மாமி சாப்பிடவில்லை. வேலியில் சாய்ந்து நின்று, கோப்பை வெறுமையாகும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரிலேயே பெரிய கெட்டிக்காரியை யாருக்குத்தான் பார்க்க ஆசை வராது என்று, கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.