அக்டோபர் பனியில் எங்கே இருந்தாய்?

ஒடெஸ்ஸா ப்ரூயிட் அந்த விண்ணப்பத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பெயர், விலாசம், படிப்பு, பார்த்த வேலைகள். அதற்குமேல் ஒன்றுமில்லை. பஃபலோ நகரின் கிழக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டியிருந்த சலவைக்கூடம் அது. மருத்துவமனைத் துணிகளெல்லாம் அங்கேதான் வெளுப்புக்கு வரும்.

"ஒரு கேள்வி விட்டுப்போச்சே," என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம். "ஜெயிலுக்குப் போயிருக்கியான்னு ஒரு கட்டம் இருக்குமே."

"அதை இதுல கேக்கக் கூடாதும்மா. நேர்ல பேசுன பிறகுதான் கேக்கலாம். போன வருஷமே நகரத்துல சட்டம் போட்டுட்டாங்க." அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க உங்களை யாரும் கேக்கலை. நீங்களா ஏன் எடுத்துக் குடுக்கறீங்க?"

விடுதலையாகி வந்ததிலிருந்து அந்தக் கட்டத்தில் ஒடெஸ்ஸா எத்தனையோ முறை 'ஆம்' என்று குறித்திருக்கிறாள். எங்கிருந்தும் அழைப்பு வந்ததில்லை. ஒரு தடவை 'இல்லை' என்று குறித்தாள். ஒரு ஓட்டலில் படுக்கை மாற்றும் வேலை கிடைத்தது. விஷயம் தெரிந்ததும் காவலாளியை உடன் அனுப்பி வெளியே விட்டார்கள். அவள் சிறையில் இருந்தபோதே அம்மா இறந்துபோனாள். அக்கா ஜார்ஜியாவுக்குக் குடிபெயர்ந்து, தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டாள்.

மேற்பார்வையாளர் காஸ் டோம்ப்ரோவ்ஸ்கி, போலந்து வம்சம், அறுபதைத் தாண்டியவர். நேர்காணலுக்குக் கூப்பிட்டு, இஸ்திரி உருளையின் சூடு தாங்குமா, ஈர விரிப்பு என்ன கனம் கனக்கும் தெரியுமா என்று வெகுநேரம் பேசினார். அவள் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிக்கவும் செய்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப கேக்கலாம்னு சொல்றாங்க, அதனால கேக்கறேன். தண்டனை ஏதாவது உண்டாம்மா?"

"உண்டு சார். என்கூட இருந்தவன் ஒரு கடையில துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடிச்சான். கடைக்காரரைச் சுட்டுட்டான். வெளியில வண்டியில உக்காந்திருந்தது நான். எதுக்குப் போறோம்னு தெரிஞ்சுதான் ஓட்டுனேன்."

"அந்த ஆளு பிழைச்சாரா?"

"பிழைச்சார். வலது கையைத் தூக்க முடியாது."

காஸ் விண்ணப்பத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். "முதல்லயே தாள்ல பாத்திருந்தா உன்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்," என்றார். "திங்கக்கிழமை காலையில வந்துடு. என் வாயிலேருந்து இது யாருக்கும் போகாது."

போகவுமில்லை. அதுவே அவளுக்குப் பெரிய பாரமாகிப்போனது.

சாப்பாட்டு மேசையில், கூட வேலை பார்க்கும் வெர்னெட்டாவும் மார்ஜும் அவளுக்கு இடம் போட்டு வைப்பார்கள். வெர்னெட்டா எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். நவம்பரில் பனி கொட்டி லாரிகள் நின்றுபோன ஒரு மதியம், பேச்சு பழைய அக்டோபர் பனிக்குத் திரும்பியது. இன்னும் இலை உதிராத மரங்கள் மேல் பனி விழுந்து, ஊர் முழுக்கக் கிளை முறிந்து, மின்சாரம் போன வருஷம். மார்ஜ் குளிருக்குக் காருக்குள் தூங்கினாளாம். வெர்னெட்டா வீட்டுக்குள்ளேயே விறகு எரித்துத் திரைச்சீலையைக் கொளுத்திக்கொண்டாளாம்.

"நீ எங்க இருந்த கண்ணு?"

"ஊர்ல இல்ல. தெக்க இருந்தேன்."

"தெக்கன்னா? அட்லாண்டாவா? என் தம்பி அங்கதான் இருக்கான்."

ஒடெஸ்ஸா தலையாட்டி வைத்தாள். மறுநாள் எந்தத் தெரு என்று கேட்டார்கள். அடுத்த வாரம், அங்கே என்ன வேலை பார்த்தாய் என்றார்கள். அட்லாண்டாவில் அவளுக்கு ஒரு வீடு முளைத்தது, ஒரு பூக்கடை வேலை முளைத்தது. அந்தப் பூக்கடைக்காரியைத்தான் மேசையில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. நிஜ ஒடெஸ்ஸாவை அந்த மேசையில் ஒருவருக்கும் தெரியாது. மாலையில் பேருந்து ஜன்னலில் தலை சாய்த்துப் போகும்போது, வேலை இல்லாமல் அலைந்த நாட்களில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று தோன்றும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வெர்னெட்டா, "தம்பி வரான். உன்னைப் பாக்கணுங்கறான்," என்றாள்.

ஒடெஸ்ஸா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "நான் அட்லாண்டாவையே பாத்ததில்ல. அந்தப் பனி வருஷம் ஜெயில்ல இருந்தேன்." மிச்சத்தையும் சொன்னாள்.

மார்ஜ் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அவள் அந்த மேசைக்கு வரவில்லை. வேலைக்கு மட்டும் பாதகமில்லை; காஸுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

வெர்னெட்டா அன்றைக்கு எழுந்து போகவில்லை. "பூக்கடைன்னு எங்கிட்டயே பொய் சொல்லியிருக்க," என்றாள். கோபம்தான். காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"அந்த ஜெயில் பக்கம் பனி பெஞ்சுதா?" என்று கேட்டாள் பிறகு.

"இல்ல. டிவியில காட்டுனாங்க. எங்க தெரு வருதான்னு பாத்துட்டே இருந்தேன். வரல."