பூசாரி ஓடை

இங்கிலாந்தில் ஏவன் என்ற பெயரில் பல ஆறுகள் ஓடுகின்றன. அங்கே முன்பு வாழ்ந்த கெல்டிய மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'ஆறு' என்று மட்டுமே பொருள். பின்னால் வந்தவர்கள் அதையே பெயராக எழுதிக்கொண்டார்கள். என் முதுகலை ஆய்வேட்டில் இந்தப் பிழையைச் சற்று ஏளனத்தோடுதான் விவரித்திருந்தேன்.

ஒப்பீட்டுக்காகக் கடைசி அத்தியாயத்தில் பேத்துப்பாறை என்ற மலைக்கிராமத்தின் ஓடை ஒன்றைச் சேர்த்தேன். தை மாதம் பூண்டுக் காட்டில் நின்ற ஓர் அக்காவிடம் அதன் பெயரைக் கேட்டபோது, "பூசாரி ஓடை" என்றார். அந்த இரண்டு சொற்களிலிருந்து, அழிந்த கோயில், அதற்கு விடப்பட்ட நிலம் என்று ஒன்பது பக்கங்களை எழுப்பினேன். வரைபடத்திலும் பெயரைப் பொறித்தேன்.

திங்கட்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை முழுவதும் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஒருவர், ஒரு முறை சொன்ன பெயர். சனிக்கிழமை முதல் பேருந்தில் ஏறினேன்.

"என்ன பாப்பா, வெள்ளனே வந்துட்டீங்க?" அக்கா மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இது பூசாரி ஓடைதானே அக்கா?"

"இந்த வாரம் என் ஓடை."

வரப்பில் இருந்த அவர் கணவர் சிரித்தார். "ஆமா, பட்டா வாங்கிட்டா!"

"யாருக்குத் தண்ணி பாய்ச்சுற முறையோ, அந்த வாரம் அவுக பேரைச் சொல்லுவோம்," என்றார் அக்கா. " நீங்க வந்தப்ப கோயில் பூசாரி முறை. அடுத்த வாரம் வாத்தியார் ஓடை."

"மழைக்காலத்தில் என்ன பெயர்?"

"அப்ப யாரு கேக்குறா? தண்ணி அதுபாட்டுக்குப் போகும்."

மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினேன். "போச்சு," என்றார் கணவர். "பூசாரி பாத்தாருன்னா ஓடை பூரா எனக்குத்தான்னு வந்து நிப்பாரு."

அக்கா சிரிக்கவில்லை. "எழுத்துல ஏறிட்டா அப்புறம் பேச முடியாது. எடுத்துருங்க பாப்பா. எங்க முறைக்குச் சண்டை வந்துரும்."

திரும்பும் பேருந்தில் மடிக்கணினியை மடியில் வைத்து ஒன்பது பக்கங்களையும் வரைபடத்தில் இருந்த பெயரையும் அழித்தேன். அந்த இடத்தில் தண்ணீர் முறையைப் பற்றி அரைப்பக்கம்தான் தேறியது. வரைபடத்தில் அந்த நீலக் கோட்டின் அருகே வெற்றிடம் உறுத்தியது. ஏதாவது இருந்தாக வேண்டும்.

'ஓடை' என்று மட்டும் எழுதினேன்.

எழுதிய பிறகுதான் ஏவன் நினைவுக்கு வந்தது. வண்டி நகரத்துக்குள் நுழையும்வரை அந்தச் சொல்லை அழிப்பதும் மறுபடி எழுதுவதுமாகவே இருந்தேன்.