பந்தைப் பார்க்காத பயிற்சியாளர்

ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டதும் மூக்கில் ஏறும் நீலகிரித் தைல வாசனைதான் அந்தக் குளிர்காலத்தைப் பற்றி எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நானும் ஜெபா அக்காவும் ஒரே கட்டிலில் படுப்போம். தலையணை, போர்வை, என் பள்ளி ஸ்வெட்டர் என்று எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறியிருந்தது. கேட்டால் "சளி" என்பாள். டெல்லியில் ஜனவரி மாதம் ஒருத்தி சளி என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? எங்கள் வரிசையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரு தும்மல்தான் பதில் சொல்லும்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. தெற்கு டெல்லியில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்தாள். கல்லூரிக் கால்பந்து அணியில் வலது ஓரத்தில் ஓடுவாள். பயிற்சி முடிவதற்குள் இருட்டிவிடும் என்பதால் அவள் தனியாக பஸ் ஏறக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருந்தாள். அந்தச் சட்டத்தின் காவலாளி நான். கண்ணாடியும் குல்லாவுமாக, அக்காவின் தோளுயரம்கூட இல்லாத என்னை வைத்து எந்த ஆபத்தைத் தடுக்க அம்மா எண்ணினாள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பள்ளி முடிந்ததும் நேரே கல்லூரி மைதானத்துக்குப் போய், சிமெண்டுப் படியில் வீட்டுப்பாடத்தை விரித்துக்கொண்டு உட்காருவேன். வீட்டுப்பாடம் அரை மணியில் தீர்ந்துவிடும். மீதி நேரத்தை என்ன செய்வது?

பயிற்சியாளர்களுக்கு மதிப்பெண் போட்டேன்.

அந்தப் பருவத்தில் கல்லூரி இரண்டு பயிற்சியாளர்களைச் சோதனை முறையில் வைத்திருந்தது. திங்கள், புதன், வெள்ளி சௌத்ரி சார். மற்ற மூன்று நாள் லெய்மா மேடம். ஜனவரிக் கடைசியில் வீராங்கனைகள் எல்லோரும் ஆளுக்கொரு தாளில் கருத்து எழுதித் தரவேண்டும், அதைப் பார்த்து ஒருவரை நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அக்காவும் அவள் தோழிகளும் பஸ்ஸில் இதைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ அவர்கள் பேச்சில் எந்த முறையும் இருப்பதாகத் தெரியவில்லை. "சார் நல்லவர்", "மேடம் ஒரு மாதிரி" என்பதெல்லாம் ஒரு மதிப்பீடா?

முறை என்றால் என்ன என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஆண்டுக்கு ஒருமுறை தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களைப் பற்றி "சி.ஆர்." என்ற ரகசிய அறிக்கை எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறப்பார். "பசியோட சி.ஆர். எழுதுனா ஒருத்தன் பொழப்பு போயிரும்ட்டி" என்பார். எழுதும்போது நாங்கள் கிட்டே வந்தால் செய்தித்தாளை இழுத்து மூடிக்கொள்வார். ஆனாலும் கட்டங்களின் தலைப்புகள் எனக்கு மனப்பாடம். தலைமைப் பண்பு, ஆளுமை, நேரந்தவறாமை, பணியில் கவனம், நெருக்கடியில் நிதானம். ஒவ்வொன்றுக்கும் பத்து என்று நானாக வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் கோடு போட்டேன். பயிற்சியாளர்கள் எட்டிப் பார்த்தாலும் புரியக் கூடாது என்று தமிழில் எழுதினேன். அப்பா ஞாயிறுதோறும் கற்றுத்தந்த தமிழுக்கு அதைவிடப் பெரிய பயன் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

சௌத்ரி சார் வாயைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி மேலிருக்கும் புறாக்கள் ஒட்டுமொத்தமாகப் பறக்கும். "அரே மதராசி எக்ஸ்பிரஸ், ஜல்தி! இது என்ன, பேசஞ்சர் வண்டியா?" என்று அக்காவை விரட்டுவார். தாமதமாக வந்தால் மைதானத்தைச் சுற்றி ஐந்து ஓட்டம். ஆனால் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் என்றைக்குப் பிறந்தநாள் என்று அவருக்குத் தெரியும். கோல்கீப்பர் பெண்ணின் தந்தை, மகள் அரைக்கால் சட்டை போடக் கூடாது என்று வந்து நின்றபோது, சார் ஒரு மணி நேரம் அவர் தோளில் கைபோட்டுப் பேசி, கடைசியில் அந்த மனிதரையே எல்லைக்கோட்டில் கொடி பிடிக்க வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, "இன்ஸ்பெக்டர் சாகிபா, எனக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரித்துக்கொண்டே போவார். தலைமைப் பண்பு ஒன்பது, ஆளுமை ஒன்பது.

லெய்மா மேடம் மணிப்பூர்க்காரர். எல்லோருக்கும் முன்னால் வந்து, மைதானத்தில் குனிந்து நடந்து, கற்களைப் பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். பயிற்சி முடியும்போது பை தொங்கும். பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். ஒரு பயிற்சி ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கித் தோற்று எல்லோரும் அழுதுகொண்டு நின்றபோது, "சரி, நாளைக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தலைமைப் பண்பு மூன்று. ஒரு வியாழக்கிழமை நல்ல ஆட்டத்தின் நடுவில் காரணம் சொல்லாமல் அக்காவை வெளியே உட்காரவைத்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைய பக்கத்தில் நான் எழுதியது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது: "லெய்மா மேடம் பந்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு மணி நேரமாக அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பணியில் கவனம் இல்லை. இரண்டு மதிப்பெண் கழிக்கப்படுகிறது."

கருத்து எழுத வேண்டிய நாளுக்கு முந்தின மாலை அக்கா ஹீட்டர் முன்னால் காலை நீட்டிக்கொண்டு, "ஏளா, ஒன் நோட்டக் குடு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் வெகுநேரம் நின்றாள். என் கூட்டல் கணக்கைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்தேன். ஐம்பதுக்கு சார் நாற்பத்தொன்று, மேடம் இருபத்தொன்பது. நான் மூன்று முறை கூட்டியிருந்தேன்.

"அப்போ சார்தான், என்ன?" என்றாள்.

"மார்க் அப்படித்தானே சொல்லுது" என்றேன்.

அக்கா சாரின் பெயரை எழுதினாள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். லெய்மா மேடம் கடைசியாக ஒரு நாள் வந்து கல் பொறுக்கிவிட்டுப் போனார். அடுத்த வாரம் சௌத்ரி சார் அக்காவைக் கேப்டன் ஆக்கினார்.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது, அக்கா திரும்பினாள், முழங்கால் திரும்பவில்லை. படியில் உட்கார்ந்திருந்த எனக்கே அவள் கத்தியது கேட்டது. தசைநார் ஏற்கெனவே பாதி கிழிந்திருந்தது, அதோடு வாரக்கணக்கில் ஓடியிருக்கிறாள் என்றார் டாக்டர். தைலம் எதற்கு என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா ஒரு நர்ஸ். "வாயி பொய் சொல்லும், நடை சொல்லாது" என்று நோயாளிகளைப் பற்றி எப்போதும் சொல்பவள், தன் வீட்டு நடையைப் பார்க்காமல் விட்டோமே என்று வார்டு வாசலில் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

நான் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். வியாழக்கிழமைப் பக்கம் அப்படியே இருந்தது. பார்க்க வேண்டியதைப் பார்த்த ஒரே ஆளை, பார்த்ததற்காகவே நான் தண்டித்திருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து, துண்டு துண்டாக்கி, பால்கனித் தொட்டிச் செடியின் மண்ணுக்குள் புதைத்தேன்.

அதோடு கணக்கு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அக்காவை மைதானத்திலிருந்து இரு கைகளில் தூக்கி ஓடியவர் சௌத்ரி சார். தினமும் ஒரு பை கின்னு ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, அம்மாவிடம், "பெஹன்ஜி, என் கண் எங்கே போச்சு?" என்று அத்தனை பெரிய உடம்பு குலுங்க அழுதவரும் அவர்தான். கண்டுபிடித்த லெய்மா மேடமோ யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவர். ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இருவருக்கும் புதிதாக மதிப்பெண் போட்டேன், அடித்தேன், மறுபடி போட்டேன். நிதானம் எங்கே முடிகிறது, அக்கறையின்மை எங்கே தொடங்குகிறது என்பதற்கு அப்பாவின் படிவத்தில் கட்டம் இல்லை. அக்கா பிறகு எந்தப் போட்டியிலும் ஆடவில்லை.

பதினைந்து வருடம் ஆகிவிட்டது. நான் நொய்டாவில் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை ஆறு பேருக்கு மதிப்பீடு எழுதுகிறேன், அதிலும் தலைமைப் பண்பு என்றொரு கட்டம் இருக்கிறது, அதை எப்போதும் கடைசியில்தான், சாப்பிட்டுவிட்டுத்தான் நிரப்புகிறேன். எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன. எங்கள் பால்கனி எந்த உயரத்தில் இருந்தது என்று அண்ணாந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. நோட்டும் வீடு மாற்றியபோது எங்கோ போய்விட்டது.

அக்கா இப்போது ஒரு கல்லூரியில் கால்பந்துப் பயிற்சியாளர். போன மாதம் ஒரு மாலை அவளை அழைத்துவர அங்கே போயிருந்தேன். எல்லைக்கோட்டில் கைகட்டி நின்றாள். பந்து இடப்பக்கம் போனது, கோலே விழுந்தது, பிள்ளைகள் கத்தினார்கள். அவள் தலை திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் மெல்ல ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததை அங்கேயே சொல்லிவிட்டேன்: அந்த வியாழக்கிழமைப் பக்கத்தை நான் கிழித்ததை, அதில் என்ன எழுதியிருந்தேன் என்பதை.

அக்கா மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியும்ளா. அன்னைக்கே படிச்சேன்."

"படிச்சியா? பெறகு ஏன்க்கா..."

"அதப் படிச்சதாலதான் சார் பேர எழுதுனேன். மேடம் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு ஒன் நோட்டுதான சொல்லிச்சு. அவங்க இருந்தா என்னய ஆட விடுவாங்களா? ஒனக்கு மட்டும் கூட்டத் தெரியும்னு நெனச்சியா?"

அவள் விசிலை ஊதினாள். "பூஜா! பாஹர் ஆவோ" என்று வெளியே அழைத்தாள்.

"மேம், ஐ ஆம் ஃபைன்!" என்று அந்தப் பெண் அங்கிருந்தே கத்தினாள்.

"அச்சா, ஃபைனாகவே வந்து உட்காரு."

பூஜா வந்தாள். அக்காவை ஒரு முறை முறைத்துவிட்டு, எனக்கு இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள். வலி ஸ்ப்ரேயின் நெடி அடித்தது. பையிலிருந்து மொபைலை எடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, படபடவென்று எதையோ தட்டத் தொடங்கினாள்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு மதிப்பெண்ணாவது கழித்திருப்பாள்.