திரையெல்லாம் சிவப்பு அம்பு

பொங்கலூர் இளங்கோ, குழந்தை பனியன்களின் நெஞ்சில் கரடி வரைந்து பிழைப்பைத் தொடங்கியவர். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியபோது, கரடி வரைந்த கைதானே என்று அதையும் அவரிடமே தள்ளிவிட்டார்கள்.

அப்போது, தைத்த பனியனில் பழுது தேடும் செக்கிங் பகுதிக்கு அவர் செய்த திரை இன்றும் அவர் கண்ணிலேயே நிற்கிறது. மஞ்சள் பின்னணி, உள்ளங்கை அகலப் பட்டன்கள். எண்ணெய்க் கறைக்கு ஒரு சொட்டு, தையல் விட்டதற்கு ஊசி, ஓட்டைக்குப் பொத்தல் பனியன். பீகாரிலிருந்து நேற்று வந்திறங்கியவர்கூட ஓர் எழுத்தும் படிக்காமல் பழுதைப் பதிந்துவிடுவார். ஆபீஸில் மட்டும் அதற்கு, ஊர்த் திருவிழா நோட்டீஸ் மாதிரி இருக்கிறதென்று, "நோம்பி நோட்டீஸ்" என்று பெயர். இளங்கோவும் சேர்ந்து சிரிப்பார். உள்ளே சுருக்கென்று தைக்கும்.

இந்த வருடம் அந்தப் பெயரைத் துடைக்க வாய்ப்பு வந்தது. அவர் செய்யப்போகும் புதுத் திரை முதலாளி சென்னிமலைக்குப் பிடித்துவிட்டால் எல்லா யூனிட்டுக்கும் அதுதான். இளங்கோவும் 'டிசைன் ஹெட்'. விசிட்டிங் கார்டு எந்தத் தாளில் என்பதுவரை யோசித்தாகிவிட்டது. வெள்ளைப் பரப்பில் வெளிர் சாம்பல் எழுத்து. படங்கள் போயின. பட்டன் இருப்பதே தெரியக் கூடாது, அதுதான் நாகரிகம் என்று எங்கோ படித்திருந்தார்.

புதுத் திரையை முதலில் வேலம்பாளையம் யூனிட்டில் சில நாள் ஓடவிட்டு, முதலாளியோடு பார்க்கப் போனார். பனியனில் பழுது கண்ட இடத்தில் செக்கிங் பெண்கள் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். டேப்லெட் முழுக்க அந்த அம்புகள்.

"ஏனுங்க இளங்கோ, உங்க திரையில இத்தன டேமேஜுங்களா?" என்றார் முதலாளி.

செக்கிங் மேசையிலிருந்த விஜயராணி பதறிவிட்டாள். விருதுநகர்ப் பக்கத்துக்காரி.

"ஐயையோ, டேமேஜ் இல்ல சார்! பட்டன் எங்கன இருக்குன்னே தெரியல. அதான் அம்பு ஒட்டி வச்சோம். இல்லாட்டி கறையத் தொட்டா ஓட்டையில போயி விழுது."

"பழசு எப்படி இருந்துச்சும்மா?"

"பாக்க அசிங்கமாத்தான் சார் இருக்கும். ஆனா பாக்க முடியும்."

முதலாளி குலுங்கிச் சிரித்தார். "வெளிச்சமா, நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா கண்ணுக்குத் தெரியற மாதிரி பண்ணிப் போடுங்க சாமி. அப்பறம் எல்லா யூனிட்டுக்கும் போட்டுக்கலாம்."

அம்புகளை இளங்கோவே நகத்தால் உரித்தார். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் ஒளித்துவைத்த பட்டன் இருந்தது. புது வெள்ளையும் தாராளமான இடைவெளியும் அப்படியே இருக்க, எழுத்து கறுத்துப் பெருத்தது. சொட்டும் ஊசியும் பொத்தல் பனியனும் திரும்பி வந்தன. பழைய சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல அவற்றை விரலால் தடவிக்கொடுத்தார். பார்த்தவர்களிடம் தூசி என்றார்.

மூலையில் தன் பெயரை மட்டும் அதே வெளிர் சாம்பலில் விட்டுவைத்தார். அதற்கு யாரும் இன்னும் அம்பு ஒட்டவில்லை.